புலியைப் புளி என்ற குரல்

‘எந்த யூனிக்ஸிலும் ஓடும்’ என்று ஒரு மென்பொருளின் முகப்பில் எழுதியிருந்தால், எழுதியவர் அதைத் தன் மேஜையில் இருக்கும் ஒரே ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பாதி உத்தியோக காலம் போய்விட்டது. நீங்கள் இப்போதே தெரிந்துகொண்டால், மிச்சமாகும் வருஷங்களில் வேறு ஏதாவது நல்ல காரியம் செய்யலாம்.

நான் ஓய்வு பெற்றது புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் கணினி மையத்திலிருந்து. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சர்வர் விழுந்து எழுந்த கதைகள் நிறைய இருக்கின்றன, அவற்றை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது, ஒரு பிழைச்செய்தியும் வராமல் ஒழுங்காகக் கம்பைல் ஆன ஒரு மென்பொருள் என்னைப் படுத்திய பாடு.

ஒரு நாள் காலையில் மையத்தின் வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துப்பட்டா, தோளில் சணல் பை. என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கைப்பேசியில் எதையோ தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார். “என் பெயர் ஜோசபின். மூன்றாம் வகுப்புத் தமிழ் ஆசிரியை. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எனக்குப் பேசுவதற்கு ஒரு வழி வேண்டும்” என்று அதில் இருந்தது.

பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தார். பிரான்ஸில் இருக்கும் அவருடைய அக்கா அனுப்பியது. எங்கள் மையத்தில் நாங்கள் பழகிய லினக்ஸ் அல்ல, யூனிக்ஸ் குடும்பத்தில் பிறந்து, தனியே ஒரு கம்பெனி வீட்டில் வளர்ந்த இன்னோர் இயங்குதளம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோதே அதில் தட்டச்சு செய்யப் பழகி, கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடிக்கும் அளவுக்கு வந்திருந்தார். ஆனால் அது பழைய பதிப்பு, அதில் தமிழ்க் குரல் கிடையாது. கழுத்தில் வைத்துப் பேசும் அதிர்வுக் கருவியை முயன்று பார்த்தாராம். அந்த இயந்திரச் சத்தத்தைக் கேட்டு முதல் வரிசைக் குழந்தை ஒன்று அழுதுவிட்டது.

அதற்குள் கல்வித்துறை அவரை வகுப்பிலிருந்து எடுத்து அலுவலக வேலைக்குப் போட ஏற்பாடு செய்திருந்தது. அவர் மறுத்து எழுதினார். எழுதிக் கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு குழு அமைத்தார்கள். வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அவரால் பாடம் நடத்த முடிகிறது என்று தோன்றினால் வகுப்பு அவருக்கு, இல்லையென்றால் மேஜையும் கோப்புகளும். குழு பார்க்க விரும்பிய பாடம், சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதும் டிக்டேஷன்.

எங்கள் மையத்தில் என்னோடு வேலை செய்த நசீருக்கு ஒரு திறந்த மூலத் தமிழ்ப் பேச்சு மென்பொருள் தெரிந்திருந்தது. எழுதியதைக் கொடுத்தால் வாய்விட்டுப் படிக்கும். நல்ல பெண் குரல். லினக்ஸில் அருமையாக ஓடும்.

“அக்கா, இந்த லேப்டாப்ப அழிச்சிட்டு லினக்ஸ் போட்டுடலாம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்” என்றான்.

ஜோசபின் டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அவர் பேச முடியாதவர் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது அந்தப் பதில்.

அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான். ஒரு மனுஷி உடம்பிலிருந்து குரலை இழந்து, அந்த இடத்தில் ஒரு விசைப்பலகையை வைத்துப் பழகியிருக்கிறார். நமக்கு வசதி என்பதற்காக அதைப் பிடுங்கி வேறொன்றைக் கொடுப்பது என்ன வேலை? “மூலநிரல எடுத்து இதுலயே ஓடற மாதிரி கம்பைல் பண்ணுவோம்” என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபமாக இருந்தது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி விரிவாகச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன், என்னுடையது அப்போதே தீர்ந்துபோனது. அதே பெயரில் இருக்கும் கட்டளைக்கு இங்கே வேறு அர்த்தம். லினக்ஸில் ஓர் எழுத்து போதும், இங்கே இரண்டு கேட்கும். அங்கே சும்மா இருக்கும் குறிக்கு இங்கே பின்னால் ஒரு ஜோடி மேற்கோள்குறி வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும். ஒலியை வெளியே விடும் பகுதி லினக்ஸுக்கென்றே எழுதப்பட்டது. அதை வெட்டி எடுத்து வேறொன்றை ஒட்டினோம். ஒட்டியது இன்னொன்றைக் கேட்டது, அந்த இன்னொன்று தன் தம்பியைக் கேட்டது. இணையத்தில் எங்களைப் போலவே ஒருவர் இதே சிக்கலைக் கேட்டிருந்தார். கீழே அவரே ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். எப்படிச் சரியானது என்று ஒரு வரி கிடையாது. அந்த ஆளை எங்காவது பார்த்தால் சொல்லுங்கள், நேரில் கேட்க வேண்டியது இருக்கிறது.

போதாததற்கு அது பிரெஞ்சு விசைப்பலகை. a இருக்க வேண்டிய இடத்தில் q. m எங்கோ ஓர் ஓரத்தில். புள்ளி வைக்க ஷிஃப்டை அழுத்த வேண்டும், எண் அடிக்கவும் ஷிஃப்டை அழுத்த வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். அந்த மொழி மேல் இருந்த மரியாதையெல்லாம் அந்த வாரத்தில் கரைந்துபோனது.

ஒருவழியாக ஒரு மாலை நசீர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். “வந்துடுச்சிக்கா! ஒரு எரர் இல்ல!”

எங்கள் இயக்குநர் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த வேலையும் முடிவதற்கு முந்தின நாளே அது முடிந்துவிட்டதாக வெளியில் சொல்லிவிடும் பழக்கம் உள்ளவர். “எங்க, வாழைப்பழம் சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்” என்றார். தமிழ் பேசும் இயந்திரம் என்றால் உலகத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது வாழைப்பழம்தான். குரல் ‘வாழைப்பழம்’ என்றது. இரண்டு ழகரமும் அச்சு அசலாக விழுந்தன. இயக்குநர் கை தட்டினார். நசீர் ‘வணக்கம்’ அடித்தான். அதுவும் சுத்தமாக வந்தது. இயக்குநர் அங்கே நின்றபடியே கல்வித்துறைக்குப் போன் போட்டு, “எல்லாம் ரெடி, நீங்க தேதி சொல்லுங்க” என்றார்.

நான் முழுசாகச் சோதிக்காமல் தேதி கேட்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேதி வந்துவிட்டது.

குழு வருவதற்கு முந்தின நாள் காலை டீச்சர் மையத்துக்கு வந்தார். மறுநாள் கொடுக்கப்போகும் சொற்களைத் தானே அடித்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று கைப்பேசியில் தட்டிக் காட்டினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முதல் சொல்லை அடித்தார். திரையில் ‘புலி’ என்று இருந்தது.

குரல் ‘புளி’ என்றது.

டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி அடித்தார். மறுபடியும் புளி. ‘பல்லி’ என்று அடித்தார். ‘பள்ளி’ என்றது. ‘மனம்’ மணமானது. ‘அரை’ அறையானது. ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அதற்குக் கோபமே மேல்.

இயக்குநருக்கு விஷயம் போனது. வந்து இரண்டு மூன்று சொற்களைக் கேட்டுவிட்டு, “எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே மேடம்” என்றார். “பாண்டிச்சேரில யாரு லகரம் ளகரம்லாம் பாத்துப் பேசறா? நாமளே அப்படித்தான பேசறோம்?”

டீச்சர் கைப்பேசியில் தட்டி அவரிடம் காட்டினார். “அதனால்தான் சார் டிக்டேஷன் வைக்கிறோம்.”

இயக்குநர் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அவருடைய கவலையும் சாதாரணமானதல்ல. நாள் குறித்தாயிற்று. இந்தக் குழுவைத் தள்ளிப்போட்டால் மறுபடி எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் அலுவலக வேலைக்கான உத்தரவு கையெழுத்தாகிவிடும்.

நசீர் ஒரு யோசனை சொன்னான். “டீச்சர், நாளைக்கு மட்டும் இந்த எழுத்து வராத வார்த்தையா பாத்துக் குடுத்துடுங்க. வாழைப்பழம், தமிழ், அப்பம், இப்படி.”

இயக்குநர் இன்னொரு யோசனை சொன்னார். நம் அலுவலகத்தில் யாராவது ஒரு பெண்ணை அந்தச் சொற்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். டீச்சர் அடிப்பது போல் அடிக்கட்டும், பதிவு ஓடட்டும். குழுவுக்குத் தெரியவா போகிறது?

உங்களிடம் மறைக்க எதுவுமில்லை, அந்த யோசனை எனக்கும் ஒரு கணம் இனித்தது. நெருக்கடியில் வரும் யோசனைகள் எல்லாம் மறுநாளோடு முடிந்துவிடுபவை. டீச்சர் என் மேஜையிலிருந்து ஒரு தாளை இழுத்து, கைப்பேசிக்குக்கூடப் பொறுமையில்லாமல், பெரிதாக எழுதினார்: “அதற்கு மறுநாள் நான் எதை வைத்துப் பேசுவேன்?”

சரி, உண்மையிலேயே கண்டுபிடித்தாக வேண்டும் என்று உட்கார்ந்தோம்.

பிழை எங்கே என்று தெரியாதபோது, நமக்குப் பிடிக்காத இடத்தில்தான் முதலில் தேடுவோம். எனக்கு நாங்கள் வெட்டி ஒட்டிய ஒலிப் பகுதி மேல் சந்தேகம். நசீருக்குக் கம்பைலர் மேல் சந்தேகம். எழுத்தை ஒலியாக மாற்றும் விதிகளை நான் வரிவரியாகப் படித்தேன். லகரத்துக்கு ஓர் ஒலி, ளகரத்துக்கு வேறோர் ஒலி என்று சுத்தமாக எழுதியிருந்தது. லினக்ஸ் கணினியில் அதே சொல்லைக் கொடுத்தால் புலி புலியாகவே வந்தது. அதே மூலநிரல், அதே குரல். இங்கே மட்டும் புளி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்துக்கொண்டேன் என்றுதான் நசீர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நசீர் பொறுமையிழந்து ஒரு காரியம் செய்தான். அந்தக் குரல், ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சின்ன ஒலிக்கோப்பாக வைக்கப்பட்டிருந்தது. லினக்ஸ் கணினியிலிருந்து லகரத்தின் கோப்பை மட்டும் மறுபடி எடுத்து வந்து இங்கே போட்டான். புலி என்று அடித்தான். ‘புலி’ என்றது!

“சரியாய்டுச்சி!” என்று கத்தினான்.

டீச்சர் விரலை உயர்த்தி அவனை நிறுத்திவிட்டு, புளி என்று அடித்தார். ‘புலி’ என்றது.

நசீர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கோ அன்றைக்கு முதன்முறையாக எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. அப்படியானால் அங்கே இரண்டு பொருள் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது.

“நசீர், அந்த ஃபோல்டர்ல இருக்கிற பேரையெல்லாம் காட்டு” என்றேன்.

அந்தக் குரலை உருவாக்கியவர்கள் தமிழ் ஒலிகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தார்கள். லகரத்துக்குச் சின்ன l, ளகரத்துக்குப் பெரிய L. னகரத்துக்குச் சின்ன n, ணகரத்துக்குப் பெரிய N. ர, ற இரண்டும் அப்படியே. நாமெல்லாரும் காலங்காலமாகத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் முறைதான். லினக்ஸுக்குச் சின்ன எழுத்தில் ஒரு கோப்பும் பெரிய எழுத்தில் ஒரு கோப்பும் இரண்டு தனிக் கோப்புகள். இந்த லேப்டாப்பின் வட்டுக்கு அப்படியில்லை. எழுத்து சின்னதோ பெரியதோ, பெயர் ஒன்றென்றால் கோப்பும் ஒன்றே. குரல் கோப்புகளைச் சேர்த்துக் கட்டியிருந்த கட்டைப் பிரித்தபோதே, பின்னால் வந்த ளகரம் முன்னால் வந்து உட்கார்ந்திருந்த லகரத்தை அழித்துவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஓர் எச்சரிக்கை இல்லை, ஒரு கேள்வி இல்லை. பிறகு மென்பொருள் ‘லகரத்தைக் கொடு’ என்று கேட்டபோதெல்லாம், இந்த வட்டு ‘இதோ’ என்று ளகரத்தை எடுத்துக் கொடுத்தது. கேட்டது கிடைத்துவிட்டதால் மென்பொருளும் புகார் சொல்லவில்லை. ழகரத்துக்கு z என்று தனி எழுத்து. அதனால்தான் வாழைப்பழம் அவ்வளவு இனிப்பாக வந்தது.

யார் மேல் கோபப்படுவது? குரல் செய்தவர்கள் தவறு செய்யவில்லை. வட்டும் தனக்குத் தெரிந்த நியாயப்படிதான் நடந்தது. இரண்டு சரிகள் சேர்ந்து ஒரு தவறைச் செய்திருந்தன. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வெறுப்பான விஷயம் அதுதான். திட்டக்கூட ஓர் ஆள் கிடைக்காது. பிற்பாடு குரல் செய்தவர்களுக்கு விளக்கமாக மடல் எழுதினேன். வெகுநாள் கழித்து ‘எங்களுக்கு நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று ஒரு வரி பதில் வந்தது. விடாமல் எழுதி எழுதித்தான் பெயர்களை மாற்ற வைத்தேன். அது தனி வயிற்றெரிச்சல்.

அன்றைக்கு எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. எல்லாக் கோப்புகளுக்கும் பெயரை மாற்றி, அதற்கேற்ப மூலநிரலையும் மாற்றுவது ஒன்று. அதுதான் முறையான வைத்தியம். ஆனால் எங்கெல்லாம் அந்தப் பெயர்கள் புதைந்திருக்கின்றன என்று எங்களுக்கு முழுதாகத் தெரியாது. விடிந்தால் பாடம். இன்னொன்று, லேப்டாப்புக்குள்ளேயே சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் பிரித்துப் பார்க்கும் தனி வட்டு ஒன்றை உண்டாக்கி, குரலை அதற்குள் வைப்பது. மூலநிரலில் கை வைக்க வேண்டாம். ஆனால் கணினி அணைந்து எழுந்தால் அந்த வட்டு மறுபடி திறக்கப்பட வேண்டும். திறக்காவிட்டால் குரலே இல்லை.

நசீர் முதல் வழியைத்தான் விரும்பினான். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற ஆசை, இளம் வயது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். தெரியாத இடத்தில் வரும் பிழையைவிட, எங்கே வரும் என்று தெரிந்த பிழை எனக்குச் சம்மதம்.

தனி வட்டை உண்டாக்கி, அந்தக் கோப்புக் கட்டை அதற்குள் பிரித்து, மறுபடி கம்பைல் செய்தோம். புலி புலியானது. புளி புளியானது. டீச்சர் தன் சொற்கள் எல்லாவற்றையும் அடித்துக் கேட்டார். பிறகு எங்களுக்குச் சம்பந்தமில்லாத என்னென்னவோ அடித்துக் கேட்டார். தன் பெயரைச் சொல்ல வைத்து, அதைக் கண்ணை மூடிக் கேட்டார். அப்போது நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

கணினி எழும்போது வட்டு தானாகத் திறக்கும்படியும் செய்து வைத்தோம். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்ததில், ஒரு தடவை மட்டும் திறக்கவில்லை. ஏன் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. “ஒரு தடவதானக்கா” என்றான் நசீர். அந்த ஒரு தடவை என் நெஞ்சில் முள்ளாக நின்றது.

நான் டீச்சரை அருகில் உட்காரவைத்து, இந்த இடம் எப்படிக் கிழிந்திருந்தது, எப்படித் தைத்திருக்கிறோம், எங்கே மறுபடி விட்டுப்போகும் என்று ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தேன். இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மேடம், அவங்க டீச்சரு. இந்த டெக்னிக்கல்லாம் சொல்லி ஏன் பயமுறுத்தறீங்க? அதுவுமில்லாம, நம்ம வேல சரியில்லன்னு நாமளே சொல்லணுமா?”

“சரியில்லாத எடத்த சொல்லித்தான் சார் ஆகணும்” என்றேன். “நாளைக்கு அங்க நிக்கப்போறது அவங்க.”

அவர் முகம் சுளித்தார். நான் திரும்பிப் போய் டீச்சர் கையில் லேப்டாப்பைக் கொடுத்து, அணைக்கச் சொன்னேன். போடச் சொன்னேன். நானே வேண்டுமென்று வட்டை மூடிவிட்டு, “இப்ப குரல் இல்ல. கொண்டாங்க” என்றேன். முதல் தடவை தடுமாறினார். அடுத்த தடவை மெதுவாகச் செய்தார். சாயங்காலம் கிளம்பும்போது என் உதவியில்லாமல் செய்தார்.

மறுநாள் வைத்திக்குப்பத்தை அடுத்த அந்தத் தொடக்கப் பள்ளிக்கு நானும் போனேன். எனக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். குழுவில் மூன்று பேர் சுவரோரமாக நாற்காலி போட்டு அமர்ந்தார்கள். தலைவர் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. அதிகம் பேசாதவர். ஜன்னலுக்கு வெளியே கடற்காற்றும் மீன் விலை பேசும் சத்தமும்.

டீச்சர் லேப்டாப்பைத் திறந்து ஒலிபெருக்கியை இணைத்தார். கரும்பலகையில் ‘டிக்டேஷன்’ என்று எழுதினார். பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். அவர் முதல் சொல்லை அடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

சத்தமே வரவில்லை.

மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை. எங்கோ வழியில், பையில் இருந்தபோதோ மேஜையில் வைத்தபோதோ, அந்தப் பாவி லேப்டாப் தானாக அணைந்து எழுந்திருக்கிறது. எனக்கு அங்கிருந்தே புரிந்துவிட்டது: அந்த வட்டு திறக்கவில்லை. ஒரு தடவை ஏமாற்றியது இப்போது இன்னொரு தடவை ஏமாற்றிவிட்டது.

நான் எழுந்துவிட்டேன். பெஞ்சுகளுக்கு நடுவே பாதி தூரம் போயிருப்பேன். “மேடம், நீங்க யாரு?” என்றார் தலைவர்.

“கணினி மையத்துலருந்து வரேன் சார். ஒரு சின்னக் கோளாறு, ஒரு நிமிஷத்துல…”

“பின்னாடியே உக்காருங்க. நாளைக்கும் நீங்களா வந்து சரி பண்ணிக் குடுப்பீங்க?”

அவர் குரலில் கடுமை இல்லை. கேள்வி சரியான கேள்வி. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வகுப்பில் சலசலப்பு ஆரம்பித்தது. பிள்ளைகள் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்கள்? டீச்சர் ஒருமுறை கை தட்டினார். சத்தம் அடங்கி மறுபடி கிளம்பியது. குழுவில் இருந்த ஒருவர் மற்றவரிடம் சாய்ந்து ஏதோ சொன்னார். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. முந்தின நாள் பழகியபடி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனார். என் உதடுகள் அவரோடு சேர்ந்து அசைந்தன: இது இல்லை, அதற்கு அடுத்தது, ஆமாம், அதுதான், இப்போது கடவுச்சொல். ஒருமுறை தவறாக அடித்திருக்க வேண்டும். நிறுத்தினார். மூச்சை இழுத்துவிட்டு மறுபடி அடித்தார்.

அவர் தலையை நிமிர்த்தினார். வட்டு திறந்துவிட்டது.

அவர் உடனே டிக்டேஷனுக்குப் போகவில்லை. விரல்கள் வேகமாக ஓடின. ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரல் வகுப்பு முழுக்க அதிர்ந்து கேட்டது.

“அபிநயா, வெளியில என்ன மீன் விக்கிதுன்னு அப்புறம் பாக்கலாம். நோட்ட பாரு.”

ஜன்னல் ஓரத்துச் சிறுமி சடாரென்று திரும்பினாள். வகுப்பு கப்சிப். சுவரோரத்தில் குழுவினரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் தங்கள் டீச்சரிடம் திட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை. ஒரு பையன் சந்தோஷத்தில் பக்கத்துப் பையனின் தொடையில் கிள்ளினான்.

பிறகு டிக்டேஷன் நடந்தது. புலி, புளி. பல்லி, பள்ளி. மனம், மணம். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை சொல்ல வைத்து, நடுவே பெஞ்சுகளுக்கு இடையில் நடந்து, தோளைத் தொட்டு, நிமிர்ந்து உட்கார வைத்து, மறுபடி வந்து அடுத்ததை அடித்தார். நான் ஒவ்வொரு லகரத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக விழுந்தன.

முடிந்ததும் தலைவர் எழுந்து நோட்டுகளை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரும்பாலும் சரியாக எழுதியிருந்தார்கள். ஜன்னலோரம் வந்ததும் நின்றார். அபிநயாவின் நோட்டைத் தூக்கிப் பிடித்தார். காட்டில் வாழும் புலியும் குழம்பில் கரைக்கும் புளியும் அவள் நோட்டில் ஒரே எழுத்தில் இருந்தன.

“டீச்சர், இந்தப் பொண்ணு ரெண்டையும் ஒரே மாதிரி எழுதிருக்கே. மெஷின் சரியா சொல்லலயா?”

மெஷின் சரியாகத்தான் சொன்னது என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

டீச்சர் மேஜைக்குப் போனார். நிதானமாக அடித்தார். அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கம் அதிகம் தெரியாது. செய்தி வாசிப்பது போல் சமமாகத்தான் பேசும். அப்படித்தான் பேசியது.

“மெஷின் சரியாத்தான் சொல்லிச்சி சார். எனக்குக் குரல் இருந்தப்பவும் அவ இப்படித்தான் எழுதுவா. அதுக்குத்தான் இந்த வகுப்புல ஒரு டீச்சர் வேணும்.”

தலைவர் அந்த நோட்டை அபிநயாவிடம் கொடுக்காமல் டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு, அபிநயாவின் பெஞ்சுக்குப் போய்க் குனிந்தார்.